ஆட்டுக்கிடையும் ஆய்வுக்கூடமும்

'மாடு' என்னும் சொல்லுக்குச் செல்வம் என்றொரு பொருள் உண்டு. கல்வியின் சிறப்பைக் கூறுமிடத்து வள்ளுவர் ஏனைய செல்வங்களைக் குறிக்க இச்சொல்லையே ஆள்கிறார். கால்நடையே செல்வமாக விளங்கிய ஒரு வாழ்வின் தடம் அச்சொல்லில் பதிந்து கிடக்கிறது. சிலப்பதிகாரத்தின் ஆய்ச்சியர் குரவையில், தீங்கு வரவிருப்பதை ஆயர் மகளிர் எவற்றைக் கொண்டு உணர்கின்றனர்? குடத்துப் பால் உறையவில்லை. ஏற்றின் கண்ணில் நீர் சோர்கிறது. ஆட்டுக்குட்டிகள் துள்ளி விளையாடவில்லை. இவற்றைத் 'தீநிமித்தங்கள்' என்று வகுப்பறையில் விளக்கிவிட்டு நாம் அடுத்த பகுதிக்குச் சென்றுவிடுகிறோம். ஆனால் ஆடு மாடுகளோடு வாழ்பவர்க்குக் கண்ணீர் வடிதலும் குட்டி துள்ளாமையும் நிமித்தங்கள் மட்டுமல்ல. அவை நோயின் முதற்குறிகளுமாகும். கால்நடையின் கண்ணையும் மூக்கையும் நடையையும் பார்த்து நாளை நேரப்போவதை அறியும் திறம் நம் மக்களிடம் நெடுங்காலமாக உண்டு என்பதற்கு இளங்கோவடிகளே சான்று.

அத்திறமும் இன்றைய ஆய்வுக்கூட அறிவியலும் ஒன்றையொன்று சந்திக்க வேண்டும். சந்திக்கும் இடம் தமிழாக இருக்க வேண்டும். இதனை வலியுறுத்துவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கரிசல் காட்டின் செல்வம்

தூத்துக்குடி என்றவுடன் முத்தும் உப்பும் துறைமுகமுமே பலர்க்கும் நினைவில் எழும். கடற்கரையை விட்டு உள்நாடு நோக்கி நடந்தால் வேறொரு நாடு காட்சி தரும். ஓட்டப்பிடாரத்தைச் சூழ்ந்த நிலம் பெரிதும் வானம் பார்த்த பூமி. கம்பும் சோளமும் உளுந்தும் பருத்தியும் மழை கொடுத்தால் விளையும். மழை பொய்த்தால் உழவனுக்கு மிஞ்சுவது ஆடு ஒன்றே. கருமை உடலும் முகத்தில் வெண்கோடோ செங்கோடோ கொண்ட கன்னி ஆடும், நெடிய கால்களையுடைய கொடி ஆடும், பொட்டு ஆடு என்று மக்கள் அழைக்கும் வேம்பூர்ச் செம்மறியும் இவ்வட்டாரத்திற்கே உரிய இனங்கள். வறட்சியைத் தாங்கி, முள்ளையும் காய்ந்த இலையையும் தின்று வளர்ந்து, ஓர் ஏழைக் குடும்பத்தின் பள்ளிக்கட்டணமாகவும் மருத்துவச் செலவாகவும் மகளின் காதணியாகவும் மாறுபவை இவை. நிலமற்ற கைம்பெண் ஒருத்திக்கு நான்கு ஆடுகள் இருந்தால் அவளுக்கு ஒரு வங்கிக் கணக்கு இருப்பதாகவே பொருள். அந்நான்கும் ஒரே வாரத்தில் மடிந்தால் என்னாகும்?

என் இல்லத்தில் நிகழ்ந்தது

இவ்வினாவை நான் நூலிலிருந்து பெறவில்லை. ஓட்டப்பிடாரத்திற்கு அருகிலுள்ள ஒரு சிற்றூரில், நான் ஆறாம் வகுப்பு பயின்ற ஆண்டில், என் அம்மா பதினோரு ஆடுகள் வளர்த்து வந்தார்கள். சந்தையிலிருந்து புதிதாக வாங்கிவந்த ஒரு கிடாய் முதலில் இரை எடுக்க மறுத்தது. கண்ணிலும் மூக்கிலும் நீர் வடிந்தது. வாயில் புண் கண்டது. பின்னர்க் கழிச்சல் தொடங்கியது. ஐந்தாம் நாள் அது மடிந்தது. அடுத்தடுத்து நான்கு குட்டிகள் அதே வழியில் சென்றன. பக்கத்து வீட்டுக் கோனார் வந்து பார்த்துவிட்டு என் அத்தாவிடம், "பாய், இது வெக்கை. ஒண்ணோட ஒண்ணு சேர விடாதீங்க. மிச்சத்தைத் தள்ளிக் கட்டுங்க" என்றார்.

அத்தா தள்ளிக் கட்டவில்லை. எஞ்சியவற்றுள் நடக்கும் நிலையிலிருந்த ஆறையும் அடுத்த சந்தை நாளில் ஓட்டிச் சென்று கிடைத்த விலைக்கு விற்றுவிட்டு வந்தார்கள். அன்றிரவு வீட்டில் எவரும் அதுபற்றிப் பேசவில்லை. கடன் ஓரளவு அடைந்தது என்பதே எங்களுக்குப் பெரிதாயிருந்தது. அவ்வாறு ஆடுகளும் எவருடைய பட்டிக்குச் சென்றன, அங்கே எத்தனை ஆடுகள் மடிந்தன என்று நாங்கள் கேட்கவில்லை. பல ஆண்டுகள் கழித்து நச்சுயிரி நோய்களைப் பற்றிப் படித்தபோதுதான், அன்று நாங்கள் ஆட்டோடு நோயையும் சேர்த்து விற்றோம் என்பது எனக்கு விளங்கியது. அத்தா தீயவர் அல்லர், அறியாதவர். அறியாமையால் விளையும் கேடு, தீமையால் விளையும் கேட்டினும் குறைந்ததன்று.

அரசூரில் அறியப்பட்ட நோய்

கோனார் 'வெக்கை' என்று கூறியது முழுவதும் பிழையன்று. வெக்கை என்பது மாடுகளைத் தாக்கும் கொடிய நச்சுயிரி நோய். அதன் உறவுக் கிருமி ஒன்று வெள்ளாட்டையும் செம்மறியையும் தாக்குகிறது. அதனை இன்று கால்நடை மருத்துவர்கள் 'ஆட்டுக்கொல்லி நோய்' என்கின்றனர். மனிதரைத் தாக்கும் தட்டம்மையின் நச்சுயிரியும் இவ்விரண்டின் குடும்பத்தைச் சேர்ந்ததே. ஆட்டுக்கொல்லி மனிதரைத் தாக்குவதில்லை. ஆயினும் இதற்கு முன் இந்நோயைக் கண்டிராத மந்தையில் பெரும்பாலான ஆடுகளை அது மாய்த்துவிடும்.

ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்ட் நாட்டில் 1942ஆம் ஆண்டு முதன்முதலாக விவரிக்கப்பட்ட இந்நோய், இந்தியாவில் அறியப்பட்டது நம் தமிழ் மண்ணில்தான். 1987இல் விழுப்புரம் பகுதியிலுள்ள அரசூரில் செம்மறிகளிடையே தோன்றிய கொள்ளைநோயை ஆராய்ந்து, அது வெக்கையன்று, வேறொரு நச்சுயிரி என்று பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்த பேராசிரியர் எம்.எஸ். சைலாவும் தமிழகக் கால்நடை அறிவியலாளர்களும் 1989இல் வெளிப்படுத்தினர். அறிகுறிகள் ஒன்றாயிருக்க, கிருமிகள் வேறாயிருந்தன. வெக்கையை நாட்டிலிருந்தே ஒழிக்கும் பணி நடந்துகொண்டிருந்த காலத்தில் இவ்வேறுபாட்டை அறிதல் இன்றியமையாததாயிற்று. ஆட்டில் காண்பது வெக்கையா, ஆட்டுக்கொல்லியா என்பது தெரியாமல் வெக்கை ஒழிந்ததா இல்லையா என்று எவரால் சான்றளிக்க முடியும்?

வெக்கையின் முடிவு

வெக்கை ஒழிந்த வரலாறு நம் மாணவர் அனைவரும் அறியவேண்டிய ஒன்று. இமயமலைச் சாரலில் முக்தேசுவரத்தில் அமைந்த ஆய்வுக்கூடத்தில் பல்லாண்டுகள் நடந்த ஆராய்ச்சியின் பயனாக, ஆட்டின் உடலில் வளர்த்து வீரியம் குறைக்கப்பட்ட தடுப்பூசி 1920களில் எட்வர்ட்ஸ் என்பவரால் உருவாயிற்று. பின்னர் வால்டர் பிளவ்ரைட் என்னும் ஆங்கில அறிவியலாளர் கென்யாவில் பணியாற்றியபோது உயிரணு வளர்ப்பு முறையில் இன்னும் பாதுகாப்பான தடுப்பூசியைக் கண்டார். அதன்பொருட்டு 1999இல் உலக உணவுப் பரிசு பெற்றார். விடுதலை பெற்ற இந்தியா 1954 முதல் நாடு தழுவிய தடுப்பூசித் திட்டத்தை மேற்கொண்டது. 1995இல் நம் நாட்டின் இறுதி வெக்கை நிகழ்வு பதிவாயிற்று, அதுவும் தமிழகத்தில்தான். 2011ஆம் ஆண்டு உலகெங்கும் வெக்கை ஒழிந்ததென்று அறிவிக்கப்பட்டது. மனிதகுலம் முற்றிலுமாக ஒழித்த நோய்கள் இரண்டே: முதலாவது பெரியம்மை, இரண்டாவது வெக்கை.

மாட்டின் நோய்க்கு முடிவு கட்டியவர்களால் ஆட்டின் நோய்க்கும் முடிவு கட்ட இயலும். கருவி இல்லாமலில்லை. முக்தேசுவரத்தில் உருவான 'சுங்ரி 96' தடுப்பூசியும், தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் அரசூர்க் கிருமியைக் கொண்டே உருவாக்கிய 'அரசூர் 87' தடுப்பூசியும் உள்ளன. நான்கு மாதம் கடந்த குட்டிக்குத் தோலுக்கடியில் ஒருமுறை இட்டால் மூன்று ஆண்டுகளுக்குக் குறையாமல் காக்கும். 2015இல் அதே ஐவரி கோஸ்ட் நாட்டின் அபிஜான் நகரில் உலக நாடுகள் கூடி, 2030க்குள் ஆட்டுக்கொல்லியை ஒழிப்பதென இலக்கு வகுத்தன.

தீனியே மருந்தாகுமா?

தடுப்பூசிக்கு ஒரு குறையுண்டு. உயிருள்ள கிருமியைக் கொண்டதாதலின் அதனைப் பனிக்கட்டிக் குளிர்ச்சியிலேயே வைத்திருத்தல் வேண்டும். சித்திரை வெயிலில் கரிசல் காட்டின் கடைக்கோடிக் கிடைக்கு மருந்தைக் கொண்டு சேர்ப்பது எளிதன்று. இக்குறையை எண்ணியே சைலாவும் அவருடன் பணியாற்றிய தாவர அறிவியலாளர் லட்சுமி சீதாவும் வேறொரு வழியை நாடினர். வெக்கை நச்சுயிரியின் மேற்பரப்பிலுள்ள ஒரு புரதத்தை மட்டும் உருவாக்கும் மரபணுவை நிலக்கடலைச் செடியிலும் துவரையிலும் புகுத்தினர். அந்நிலக்கடலை இலையை மாடுகளுக்கு உண்ணக் கொடுத்தபோது அவற்றின் உடலில் நோயெதிர்ப்பு தோன்றியதென 2003இல் ஆய்வு முடிவு வெளியாயிற்று. ஊசியில்லை, பனிக்கட்டியில்லை, தீனியே மருந்து.

இங்கேதான் நச்சுயிரி அறிவியலும் உணவு வேதியியலும் கைகோக்கின்றன. வாய்வழிச் செல்லும் எப்புரதத்தையும் சிதைத்துச் செரிப்பதே வயிற்றின் தொழில். அசைபோடும் விலங்கின் பெருவயிற்றில் வாழும் நுண்ணுயிர்கள் அத்தொழிலில் வல்லவை. மருந்துப் புரதம் அவற்றிலிருந்து தப்பிக் குடலைச் சென்றடைய வேண்டும்; தாவர உயிரணுவின் சுவர் அதற்கு ஓரளவு காப்பாகிறது. இம்முயற்சி ஆய்வு நிலையைக் கடந்து ஊர்ப்புறத்திற்கு வரவில்லை. வயலில் விளையும் பயிரில் மரபணு மாற்றம் செய்வது பற்றிய ஐயங்களும் தீர்க்கப்பட வேண்டியவையே. ஆயினும், கடலைக்கொடி தின்னும் மாட்டை மனத்தில் வைத்து ஓர் உயர் ஆய்வுக்கூடம் சிந்தித்தது என்பது பாராட்டுக்குரியது. ஆராய்ச்சி எவருக்காக என்னும் வினாவிற்கு அது ஒரு நல்ல விடை.

தீனியின் வேதியியலை அறிய வேண்டியதற்கு மற்றொரு காரணமும் உண்டு. கால்நடை திடீரென மடியும்போது அது கிருமியாலா, தீனியாலா என்று பகுத்தறிய வேண்டும். 1960இல் இங்கிலாந்தில் ஏறத்தாழ ஒரு லட்சம் வான்கோழிகள் மடிந்தன. நச்சுயிரி நோயாக இருக்கலாமென முதலில் ஐயுற்று, பெயரறியா நோய் என்னும் பொருளில் அதனை 'எக்ஸ் நோய்' என்றழைத்தனர். ஆராய்ந்தபோது, தீனியில் கலந்த கடலைப் பிண்ணாக்கில் படிந்த பூஞ்சையின் நஞ்சே காரணமென்று தெரிந்தது. அந்நஞ்சே இன்று 'அஃப்லாடாக்சின்' எனப்படுகிறது. பூஞ்சை பிடித்த பிண்ணாக்கைத் தின்ற மாட்டின் பாலிலும் அந்நஞ்சின் கூறு வெளிப்படும் என்பதால், அது நம் குழந்தைகளின் உணவுச் சிக்கலும் ஆகிறது. நம் கரிசலிலும் இத்தகைய நஞ்சு உண்டு. மழையின்றி வாடி நிற்கும் இளஞ்சோளத்தையும், அறுத்தபின் துளிர்க்கும் மறுதாம்பையும் மேய்ந்த மாடு சிறிது நேரத்தில் விழுந்து இறப்பதைப் பெரியவர்கள் கண்டிருக்கின்றனர். அப்பயிரில் உருவாகும் சயனைடே காரணம் என்கிறது வேதியியல். காரணப் பெயர் அறியாமலே, 'வாடின சோளத்துல மாட்டை விடாதே' என்று நம் உழவர் காலங்காலமாகத் தடுத்து வந்துள்ளனர். காய்ச்சலின்றி மேய்ச்சலுக்குப்பின் உடனே விழுந்தால் நஞ்சையும், காய்ச்சலோடு நாள்விட்டு நாள் ஒன்றன்பின் ஒன்றாகச் சாய்ந்தால் தொற்றையும் முதலில் ஐயுறுதல் வேண்டும். முடிவைக் கால்நடை மருத்துவர் கூற வேண்டும். ஐயம் கொள்ளவாவது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

தமிழ்த்துறைக்கு இதில் என்ன பணி?

'கால்நடை நோய்க்குக் கால்நடைத் துறை இருக்கிறது. தமிழ்த்துறை இலக்கியத்தைப் பார்த்துக்கொண்டால் போதாதா?' என்று நண்பர்கள் வினவக்கூடும். நியாயமான வினாவே. ஊசி போடுவது நம் தொழிலன்று. ஆனால் அரசூரில் கண்டறியப்பட்ட உண்மை அரசூர் ஆயருக்கு முன்னரே இலண்டன் இதழ் படிப்போருக்கு எட்டியது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். கிருமி தமிழ்நாட்டினது, அதனைப் பற்றிய அறிவோ ஆங்கிலத்தினது. என் அத்தா தமிழ் நாளிதழை எழுத்துக்கூட்டிப் படிக்கக்கூடியவர். நோயுற்ற ஆட்டைச் சந்தைக்குக் கொண்டு செல்லலாகாது, ஏனெனில் அதன் மூச்சிலும் சளியிலும் சாணத்திலும் கிருமி வெளியேறுகிறது என்று தமிழில் ஒரு தாள் அவர் கைக்குக் கிடைத்திருந்தால் அவர் வேறுவிதமாக நடந்திருக்கக்கூடும்.

ஓட்டப்பிடாரத்தில் 1872இல் பிறந்த வ.உ. சிதம்பரனார் கப்பலோட்டினார், செக்கிழுத்தார் என்று மேடைதோறும் முழங்குகிறோம். சிறைக்கொடுமைக்கு இடையிலும் ஜேம்ஸ் ஆலனின் ஆங்கில நூல்களைத் தமிழாக்கினார் என்பதையும், தொல்காப்பிய இளம்பூரணத்தைப் பதிப்பித்தார் என்பதையும் அத்துணை அழுத்தமாகக் கூறுவதில்லை. பழந்தமிழைக் காத்தலும் புத்தறிவைத் தமிழுக்குக் கொணர்தலும் ஒருவரே ஆற்றத்தக்க பணிகள் என்பதை அவர் வாழ்ந்து காட்டினார். அவர் ஊரைச் சூழ்ந்த ஆட்டுக்கிடைகளுக்கு நாம் செய்யத்தக்க பணி ஒன்று உண்டு.

முதலாவதாக, நம் மாணவர் ஒட்டப்பிடாரம், விளாத்திகுளம், எட்டயபுரம் வட்டாரங்களில் ஆடு வளர்ப்போரைக் கண்டு, நோய்களுக்கும் அறிகுறிகளுக்கும் அவர்கள் வழங்கும் சொற்களைத் தொகுக்க வேண்டும். 'வெக்கை' என்று ஓர் ஊரில் சொல்வது அடுத்த ஊரில் வேறு நோயைக் குறிக்கலாம். மருத்துவர் கூறும் சொல்லும் ஆயர் கூறும் சொல்லும் ஒரே பொருளைச் சுட்டாவிடில் அறிவுரை காற்றோடு போகும். இரண்டாவதாக, கால்நடை மருத்துவரின் துணையோடு, பேசுவதுபோன்ற எளிய தமிழில் ஒரு தாள் எழுதி அச்சிட வேண்டும்: தடுப்பூசி எப்போது, புதிதாக வாங்கிய ஆட்டை மூன்று வாரம் ஏன் தனியே கட்ட வேண்டும், பூஞ்சை பிடித்த பிண்ணாக்கை ஏன் தவிர்க்க வேண்டும் என்பன அதில் இருத்தல் வேண்டும். மூன்றாவதாக, அத்தாளைச் சந்தையிலும் ஊர்ச் சாவடியிலும் பள்ளிவாசலிலும் கோயில் வாயிலிலும் நாமே சென்று கொடுக்க வேண்டும்.

மார்க்கம் காட்டும் நெறி

பள்ளிவாசல் என்றதற்குத் தக்க காரணம் உண்டு. ஹஜ்ஜுப் பெருநாளையொட்டி நம் மாவட்டத்துச் சந்தைகளில் ஆடுகள் பெருந்தொகையில் கைமாறுகின்றன. பல ஊர் மந்தைகள் ஒரே இடத்தில் மூச்சோடு மூச்சுக் கலக்கும் நாட்கள் அவை. தொற்றுநோய்க்கு அதனினும் வாய்ப்பான இடம் வேறில்லை. ஆட்டை வாங்குவோரில் பெரும்பகுதியினர் நம்மவர். வெளிப்படையாக நோயுற்ற பிராணி குர்பானிக்குத் தகாது என்பது நாம் அறிந்ததே. அதனோடு நின்றுவிடாமல், நோயுற்ற ஒட்டகங்களை நலமான ஒட்டகங்களிடையே கொண்டுவந்து சேர்க்கலாகாது என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதை ஹதீஸ் நூல்கள் பதிவு செய்துள்ளன. பொருளின் குறையை மறைத்து விற்பதையும் அவர்கள் தடுத்துள்ளார்கள். கிருமி என்றொன்று உண்டென்று உலகம் அறிவதற்குப் பன்னூறு ஆண்டுகளுக்கு முன்னரே உரைக்கப்பட்ட நெறிகள் இவை. உமறுப்புலவர் சீறாப்புராணத்தில் 'மானுக்குப் பிணை நின்ற படலம்' ஒன்றைப் பாடினார். வாயில்லா உயிருக்குப் பிணை நின்ற நபியின் வரலாற்றைத் தமிழில் பயிலும் நாம், நம் பட்டியில் நிற்கும் உயிருக்கும் அதனை வாங்கிச் செல்லும் அயலாருக்கும் பொறுப்பேற்க வேண்டாமா?

என் அம்மா இன்றும் இரண்டு கன்னி ஆடுகளை வளர்த்து வருகிறார்கள். சென்ற முறை ஊருக்குச் சென்றிருந்தபோது, தடுப்பூசி முகாம் என்றைக்கு என்று கால்நடை மருந்தகத்தில் கேட்டு வரச் சொன்னார்கள். கேட்டு வந்து நாளைச் சொன்னேன். பக்கத்து வீட்டுக் கோனாரின் பேரன் வீட்டிலும் சொல்லிவிட்டு வா என்றார்கள். அன்று அவருடைய சொல்லைக் கேளாத எங்கள் வீட்டிலிருந்து இன்று அவ்வீட்டிற்கு ஒரு சொல் சென்றது. அக்கடன் இவ்வளவால் தீர்ந்துவிடவில்லை என்பதை அறிவேன். எஞ்சியதை என் மாணவரும் நானும் சேர்ந்து அடைக்க வேண்டும். அதற்காகவே இம்மலரின் பக்கங்களில் இதனை எழுதுகிறேன்.